பிஸ்கட்டுக்கு அவசரம், கிரிட்ஸுக்கு நிதானம்: அமெரிக்கத் தெற்கின் காலைத் தட்டு

சார்ல்ஸ்டன், சவானா, ஆஷ்வில், நாஷ்வில் என்று அமெரிக்கத் தென்மாநில ஊர்களுக்கு விடுமுறையில் போகிறவர்களை இழுக்கும் காலை உணவகங்களில் மெனு அட்டையே ஒரு வேடிக்கை. பொரித்த கோழியும் காரத் தேனும் வைத்த பிஸ்கட், பிமென்டோ என்ற காரமில்லாத சிவப்பு மிளகாய் சேர்த்த சீஸ் கலந்த கிரிட்ஸ், அதன் மேல் பொரித்த பச்சைத் தக்காளி, இறால், காளான் குழம்பு. மேலே வைப்பதைச் சமையல்காரர் தினம் ஒன்றாக மாற்றலாம். அடியில் இருப்பவை இரண்டுதான்: கோதுமையில் செய்த பிஸ்கட், மக்காச்சோளத்தில் செய்த கிரிட்ஸ் என்ற கூழ். இவை சரியாக அமையாத தட்டை எந்தப் புதுமையும் தூக்கி நிறுத்தாது. வேடிக்கை என்னவென்றால், ஒன்றுக்குச் சரியான கைப்பக்குவம் மற்றொன்றைக் கெடுத்துவிடும். பிஸ்கட் மாவைத் தொடத் தொடக் கெடும். கிரிட்ஸை விட்டுவிட்டுப் போனால் கெடும்.

இங்கே பிஸ்கட் என்பது டீயில் நனைக்கும் வில்லை அல்ல. ஏறக்குறைய பன் உயரத்துக்கு எழும்பி, மேலும் கீழும் மொறுமொறுப்பாக, உள்ளே ஏடு ஏடாகப் பிரியும் ஒரு ரொட்டி. இதில் ஈஸ்ட் கிடையாது. உப்பவைப்பது சோடாவும் நீராவியும்.

முதலில் மாவு. கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் குளூட்டெனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் கைகோத்து குளூட்டன் வலையாகின்றன. பிசையப் பிசைய வலை இறுகும். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும். பிஸ்கட்டுக்கு அதுவே எதிரி. தெற்கின் மிதமான குளிர்காலத்தில் விளைவது மென்மையான சிவப்புக் குளிர்காலக் கோதுமை. அதன் மாவில் புரதம் 8 முதல் 9 சதவீதம்தான். ரொட்டிக்கான மாவில் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும். டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் 1883-ல் தொடங்கிய ஒயிட் லில்லி மாவு தென்னாட்டுச் சமையலறைகளில் பேர் வாங்கியது இந்த மென்மையால்தான். அந்த ஊர்ப் பாட்டிகளின் அளவை வடக்கே கொண்டுபோய்ச் செய்தால் பிஸ்கட் கல்லாகிறது என்ற பழைய புலம்பலுக்குக் கை காரணமல்ல, கோதுமை காரணம்.

எட்டு பிஸ்கட்டுக்கு அளவு இது: மாவு 250 கிராம், பேக்கிங் பவுடர் மூன்று தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம், குளிர்ந்த மோர் 180 முதல் 200 மில்லி. மோர் என்றதும் நீர்மோரை நினைக்கக் கூடாது. அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பட்டர்மில்க் பாலில் லாக்டிக் பாக்டீரியாவைச் சேர்த்துப் புளிக்கவைத்தது. தயிரைக் கொஞ்சம் தளர்த்திய பதத்தில் இருக்கும். அதிலுள்ள லாக்டிக் அமிலம் சோடாவோடு சேர்ந்த கணமே கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் கிளம்புகின்றன. இது வேகமான வேலை, மாவு மேஜையில் காத்திருந்தால் குமிழி வீணாகும். பேக்கிங் பவுடர் இரண்டு தவணையில் வேலை செய்யும்: ஈரம் பட்டதும் ஒரு பகுதி, ஓவன் சூட்டில் மறுபகுதி. எனவேதான் இரண்டும் வேண்டும்.

சோடாவைக் கூட்டினால் இன்னும் உப்பும் என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. மோரின் அமிலம் தீர்ந்த பிறகு மிஞ்சும் சோடா வாயில் சோப்பு மாதிரி கசக்கும், உள்ளே மஞ்சள் திட்டுகளாகத் தெரியும், மேற்புறத்தைச் சீக்கிரமே கருகவும் வைக்கும். பேக்கிங் பவுடர் பழசா என்ற சந்தேகம் வந்தால் அரைத் தேக்கரண்டியைச் சுடுநீரில் போட்டுப் பாருங்கள். சீறி நுரைக்கவில்லை என்றால் தூக்கிப் போடலாம்.

இனி வெண்ணெய். பிஸ்கட்டின் ஏடுகள் பிறப்பது இதில்தான். வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு, சுமார் 16 சதவீதம் தண்ணீர். 85 கிராம் வெண்ணெயில் 14 கிராம் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. அந்த 14 கிராமும் ஆவியானால் இருபது லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். பெரும்பகுதி வெளியேறிவிடும் என்றாலும், தப்பிப்பதற்கு முன் மாவு அடுக்குகளைத் தள்ளிப் பிரிக்கிறது. இது நடக்க வெண்ணெய் தனித் துண்டுகளாகவே ஓவனுக்குள் போக வேண்டும். பட்டாணி அளவுத் துண்டுகளாக மாவில் உதிர்த்துச் சேர்ப்பது அதற்குத்தான். 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெண்ணெய் உருகத் தொடங்கும். உள்ளங்கைச் சூடே போதும். உருகி மாவோடு கலந்துவிட்டால் ஏடு வராது, பொலபொலவென்ற ஒரு கேக் வரும். பன்றிக்கொழுப்பு போட்டுச் செய்யும் பழைய வழக்கமும் உண்டு. அதில் தண்ணீர் கிடையாது என்பதால் அடுக்கு குறைவு. ஆனால் கொழுப்பு மாவைச் சூழ்ந்து குளூட்டனைத் தடுப்பதால் மென்மை அதிகம்.

மோரை ஊற்றியதும் கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று, அவ்வளவே. மாவு ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாக இருப்பதுதான் சரியான அடையாளம். அதை மேஜையில் தட்டிப் பரப்பி, கடிதத்தை மடிப்பதுபோல் மூன்றாக மடித்து, மறுபடி தட்டிப் பரப்ப வேண்டும். மூன்று முறை மடித்தால் 27 அடுக்கு. இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் நிறுத்தி, கூர்மையான வட்ட அச்சை நேராக அழுத்தி எடுக்க வேண்டும். அச்சைத் திருகினால் ஓரத்தின் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் சாயும். சாய்ந்த பிஸ்கட்டைத் தட்டில் கண்டால் திருகிய கையை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். தட்டில் ஒன்றையொன்று தொடும்படி அடுக்கினால் பக்கவாட்டில் பரவ இடமில்லாமல் மேலே எழும்பும், ஓரம் மென்மையாக இருக்கும். தள்ளித்தள்ளி வைத்தால் ஓரமும் மொறுமொறுக்கும், உயரம் குறையும். பிறகு 230 டிகிரி செல்சியஸில் சுமார் 15 நிமிடம். ஓவன் சூடு போதாவிட்டால் மாவு இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் உருகித் தட்டில் ஓடிவிடும். பிஸ்கட் தன் கொழுப்பிலேயே அடியில் பொரிந்து, மேலே தட்டையாக நிற்கும்.

இத்தனைக்கும் பலன் அரை மணி நேரம்தான். ஆறத் தொடங்கியதும் மாவுச்சத்து மறுபடி இறுகி, ஈரம் இடம் மாறி, பிஸ்கட் வறண்டுபோகிறது. நல்ல கடை சிறு சிறு ஈடாகச் சுட்டுக்கொண்டே இருக்கும். போய் உட்கார்ந்ததும் கேட்கத்தக்க முதல் கேள்வி, அடுத்த ஈடு எப்போது என்பதே.

அடுத்தது கிரிட்ஸ். மக்காச்சோள நொய்யைத் தண்ணீரிலோ பாலிலோ வேகவைத்த கூழ் என்றால் நமக்குச் சட்டென்று பிடிபடும். வெள்ளை மக்காச்சோளத்திலும் செய்வார்கள், மஞ்சளிலும் செய்வார்கள். ருசியைத் தீர்மானிப்பது நிறமல்ல, அரைவை. ஆலை உருளைகளில் அரைக்கும்போது தவிட்டையும் முளைக்கருவையும் நீக்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் கெடாது, சீக்கிரமே வேகும், சோள மணம் பெரும்பாலும் போய்விடும். கல்லில் அரைத்த நொய்யில் முளைக்கருவின் எண்ணெய் இருக்கிறது. மணம் முழுக்க அதில்தான். அந்த எண்ணெயே சிக்கு வாடை அடிக்கவும் காரணம் என்பதால் அதை உறைபெட்டியில் வைக்க வேண்டும்.

கல் அரைவைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் அடுப்பு தேவை. மக்காச்சோள மணியின் கடினமான பகுதியில் மாவுச்சத்துத் துகள்களை ஸீன் என்ற புரதம் நெருக்கிக் கட்டிவைத்திருக்கிறது. தண்ணீர் வெளியிலிருந்து மெல்ல ஊறித்தான் நடுப்பகுதிக்குப் போக முடியும். ஊடுருவலுக்கு ஆகும் நேரம் துகளின் அளவுக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை, அதன் இருமடிக்குக் கூடுகிறது. நொய் இரண்டு மடங்கு பெரிது என்றால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. இரவே ஊறவைத்தால் அடுப்பு நேரம் நன்றாகக் குறையும்; மேலே மிதக்கும் உமியையும் அள்ளிவிடலாம்.

அளவு ஒன்றுக்கு நான்கு தண்ணீர், தொடக்கத்திலேயே உப்பு. கொதிக்கும் நீரில் மொத்தமாகக் கொட்டினால் வெளிப்புறம் உடனே பசையாகி, உள்ளே காய்ந்த மாவோடு கட்டி தட்டும். ரவையைத் தூவிக் கிளறுவதுபோல் ஒரு கையால் தூவி மறுகையால் கிளற வேண்டும். 62 முதல் 72 டிகிரி செல்சியஸுக்குள் சோள மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்குகிறது. கூழ் அப்போதே கெட்டியாகிவிடுவதால் வெந்துவிட்டது என்று இறக்கிவிடுபவர்கள் உண்டு. பல்லில் நறநறவென்று இடிபட்டால் நடு வேகவில்லை. இன்னும் கொஞ்சம் சுடுநீர் விட்டு, தீயைக் குறைத்து விட வேண்டும். பாலைக் கடைசியில் சேர்ப்பது நல்லது, முதலிலேயே ஊற்றினால் அடிப்பிடிக்கும். சீஸ் அடுப்பை அணைத்த பிறகு. கொதியில் போட்டால் அதன் புரதம் இறுகி எண்ணெயை வெளியே பிழிந்துவிடும்.

இந்த நொய்க்கு ஒரு துயரக் கதையும் இருக்கிறது. அந்த மண்ணின் பழங்குடிகள் மக்காச்சோளத்தை மரச்சாம்பல் நீரில் வேகவைத்துத் தோல் நீக்கிச் சாப்பிட்டார்கள். சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை அந்தக் காரநீர் விடுவித்தது. பின்னால் வந்தவர்கள் சோளத்தை எடுத்துக்கொண்டார்கள், சாம்பலை விட்டுவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோளத்தையே நம்பியிருந்த தென்னாட்டு ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் வாட்டியது: தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், சாவு. இது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914-ல் ஆய்வைக் கையிலெடுத்த மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் உணவுக் குறைதான் காரணம் என்று காட்டினார்; 1915-ல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணையில் சோளம் மிகுந்த உணவை மட்டும் தந்தபோது 11 பேரில் 6 பேருக்கு நோய் வந்தது. குணமாக்கும் பொருள் நியாசின் என்று தெரிய 1937 வரை ஆனது. இன்று கடையில் வாங்கும் கிரிட்ஸ் பைகளில் வைட்டமின் சேர்த்தது என்று அச்சடித்திருப்பதன் பின்னணி இதுதான்.

இறால் கிரிட்ஸ் சார்ல்ஸ்டன் பக்கத்துக் கடலோர மக்களின் எளிய காலை உணவு. வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் க்ரூக்ஸ் கார்னர் உணவகத்தை நடத்திய பில் நீல் அதைப் பன்றி இறைச்சி, காளான், எலுமிச்சையோடு செய்தார். 1985-ல் நியூயார்க் டைம்ஸில் உணவு எழுத்தாளர் க்ரெய்க் க்ளைபோர்ன் எழுதிய பிறகு நாடு முழுவதும் பரவியது. இறாலுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். சூட்டில் புரதப் பிடியிலிருந்து விடுபடும் அஸ்டாஸாந்தின் நிறமி அதைச் சிவப்பாக்குகிறது. முழுக்கச் சிவந்து வளைந்ததும் எடுக்காவிட்டால் ரப்பர்தான். பச்சைத் தக்காளியைப் பொரிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு: பழுக்கும்போது உருவாகும் நொதிகள் சதையை ஒட்டவைக்கும் பெக்டினைக் கரைத்துச் சதையை இளக்குகின்றன. காயில் அந்த வேலை நடக்காததால் 180 டிகிரி எண்ணெயிலும் துண்டு குலையாது. உப்பு தடவிக் கால் மணி வைத்து நீரைத் துடைத்துவிட்டு மக்காச்சோள மாவில் புரட்டினால் மேல்பூச்சு கழன்று வராது.

தட்டு மேஜைக்கு வந்ததும் பிஸ்கட்டைக் கையால் பிரியுங்கள். தூளாக உதிராமல் ஏடாகப் பிரிய வேண்டும். கிரிட்ஸ் தட்டில் மெதுவாகப் பரவ வேண்டும். சுற்றிலும் தண்ணீர் தனியாகக் கசிந்தால் சரியாக வேகவில்லை, கரண்டி குத்திட்டு நின்றால் நெடுநேரம் காத்திருந்து ஆறிப்போனது. ஆறும் கூழில் அமைலோஸ் என்ற மாவுச்சத்தின் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகுவதுதான் இதற்குக் காரணம். அந்த இறுக்கத்தையே பயன்படுத்தி, மிஞ்சிய கிரிட்ஸைத் தட்டையான பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுக்கக் குளிரவைத்து, காலையில் வில்லை போட்டுத் தோசைக்கல்லில் முறுகலாகச் சுட்டுத் தருகிற கடைகளும் இருக்கின்றன. மெனுவில் கிரிட்ஸ் கேக் என்று இருந்தால் அது இதுதான்.