நந்தா விளக்குக்கு இருபது காசு

போளூர்ப் பக்கம், வடமாதிமங்கலத்துக்கு அருகே திருமலை என்றொரு சமணக் குன்று. பழைய வட ஆற்காடு. இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம். 16 அடிக்குக் குறையாத நேமிநாதர், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களில் ஒருவர், அங்கே பாறையோடு பாறையாக நிற்கிறார். 1024 வாக்கில் வெட்டிய ராஜேந்திர சோழன் கல்வெட்டு ஒன்றும் அங்கு இருக்கிறது. மதங்கள் எப்படி இடம்பெயர்ந்தன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

கல்வெட்டின் பெரும்பகுதி போர்ப்பட்டியல். ஈழம், கங்கை, "தங்காத சாரல் வங்காள தேசம்" என்று அரசன் வென்ற நாடுகள் வரிசையாக வருகின்றன. கடைசியில்தான் விஷயம்: பெரும்பாணப்பாடியில் வாழ்ந்த வணிகன் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைக்கிறாள். விளக்குக்கு 20 காசு, திருவமுதுக்கு 10 காசு. சைவ அரச குலத்துப் பெண்ணின் பேரில் சமணக் கோயில். அதற்குக் கொடை தருபவள் வணிகர் வீட்டுப் பெண். அவள் பெயரில் கன்னட வாசனை அடிக்கிறது. கர்நாடகத்தில் அதே காலத்தை ஒட்டி வாழ்ந்த சமணப் புரவலர் அத்திமப்பெயின் பெயரும் இப்படித்தான் முடிகிறது.

படை வழி திறந்தது, வணிகன் வந்தான், மதம் பரவியது என்று பாடப்புத்தகம் நிறுத்திக்கொள்ளும். ஆனால் வந்தவர்கள் போன பிறகும் விளக்கு எரிய வேண்டுமே, அதற்கு என்ன ஏற்பாடு?

ஏற்பாடு கணக்கில் இருந்தது. கொடுத்த காசு அப்படியே எண்ணெயாகிவிடாது. அது மூலதனம்; அதை வாங்கிக்கொண்டவர்கள் வட்டியிலிருந்து விளக்கெரிக்க வேண்டும். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த விகிதத்தைத் திருமலைக்கு வைத்துப் பார்த்தால் 20 காசு ஆண்டுக்கு இரண்டரைக் காசு ஈட்டும். ஒரு விளக்கின் செலவு அதற்குள் அடங்க வேண்டும்.

காசுக்குப் பதில் ஆடு கொடுப்பதும் உண்டு. ஒரு நந்தா விளக்குக்குப் பல ஊர்களில் 96 ஆடு, சில இடங்களில் 90. மந்தையை வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டு இதைச் "சாவா மூவாப் பேராடு" என்கிறது. சாகாத, மூப்படையாத ஆடு என்று பொருள். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் குட்டி அதன் இடத்துக்கு வந்துவிடுவதால் கணக்கில் மந்தை எப்போதும் 96தான். பஞ்சத்தில் மந்தை அழிந்தாலும் நெய்க்கடன் இடையர் தலையில் நிற்கும். கொடுத்தவர் இறந்து மூன்று தலைமுறை போனாலும் கோயிலுக்கு நெய் வரும். அந்தக் காலத்து மதப் பரவலின் இயந்திரம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இயந்திரம் எங்கே பழுதாகும் என்பதும் தெரிந்ததே. மூலதனத்தை வாங்கிய ஊர்ச்சபை கலைந்தால் வட்டி நிற்கும். பள்ளிச்சந்தமாக, அதாவது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு வரி நீக்கி, விட்ட நிலத்தின் மேல் புதிய அரசன் மறுபடி வரி போட்டால் கோயில் வருமானம் சுருங்கும். சுற்று வட்டாரத்தில் அந்த மதத்தைக் கைக்கொண்ட குடிகள் இல்லாவிட்டால், கேள்வி கேட்க ஆள் இருக்காது.

இனி, வணிகனும் படையும் வந்த வழி. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கடற்கரைக்கு இறங்க, பாலாற்றுப் பள்ளத்தாக்கை விட நல்ல வழி இந்தப் பக்கம் கிடையாது. தெற்கே ஜவ்வாது மலை, வடக்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் மேடுகள். நடுவே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சி. பெங்களூர் ரயிலும் நெடுஞ்சாலையும் இன்றும் ஏறக்குறைய அந்தத் தடத்தில்தான் போகின்றன. பொதிமாடு நாளுக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் நடக்கும்; அதற்குள் தண்ணீரும் தீவனமும் வேண்டும். பாலாறு வறண்டு கிடந்தாலும் மணலில் ஊற்று தோண்டினால் தண்ணீர் கிடைக்கும். வணிகனுக்கு வசதியான அதே தண்ணீர் படைக்கும் வசதி. 949-ல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டது இந்த வழியின் ஓரத்தில்தான். பத்தாண்டு கழித்து, 959-ல், வென்ற ராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன் பொன்னையாற்றங்கரை மேல்பாடியில் பாசறை இட்டிருந்தான் என்று அவனுடைய செப்பேடு சொல்கிறது. பின்னாளில் அதே மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில், அதாவது நினைவுக் கோயில், எழுப்பினான்.

மேல்பாடிக்குப் பக்கத்து வள்ளிமலையில் இன்னும் பழைய அடுக்கு இருக்கிறது. கர்நாடகத்துக் கங்க அரசன் ராஜமல்லன் சமணப் பள்ளி அமைத்ததைக் கன்னடக் கல்வெட்டு கூறுகிறது. இன்று அந்த மலை ஊரார்க்கு வள்ளியும் முருகனும் உள்ள மலை. தீர்த்தங்கரர்கள் பாறையிலேயே இருக்கிறார்கள்.

இஸ்லாம் தமிழ்நாட்டுக்கு இரண்டு வாசல் வழியாக வந்தது. கடல் வழியே அரபு வணிகரோடு வந்தது காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம். அங்கே மரைக்காயர்கள் ஷாஃபி மத்ஹபு, அதாவது ஷாஃபி சட்டப் பள்ளியைப் பின்பற்றுபவர்கள். தரை வழியே தக்காணப் படைகளோடும் ஆற்காட்டு நவாபுகளோடும் வந்தது எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம்; இங்கே ஹனஃபி. வேறுபாட்டை நிழலில் பார்க்கலாம். ஒரு கோலை நட்டு வையுங்கள். உச்சி வேளை நிழலைக் கழித்த பிறகு, நிழல் கோலின் நீளத்தை எட்டியதும் ஷாஃபிகளுக்கு அஸர் என்னும் பிற்பகல் தொழுகை நேரம் தொடங்கும். இரண்டு மடங்கானால்தான் ஹனஃபிகளுக்கு. அடுப்படியிலும் தெரியும்: ஷாஃபி சட்டத்தில் கணவாய் ஆகும், ஹனஃபியில் ஆகாது.

வந்த வாசலைச் சொற்களும் காட்டிக் கொடுக்கும். கப்பலோடு வந்த அரபுச் சொல் 'மாலுமி'. ஆட்சியோடு வந்தவை அரசாங்க ஆபீசில் தங்கின: வசூல், பாக்கி, கிஸ்தி, தாசில்தார், ஜமாபந்தி. நவாபு போய் இத்தனை காலமாகியும் தாலுகா ஆபீசில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது.

தங்காமல் போனதற்கும் சான்று வேண்டும். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய பௌத்த சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே கொடுத்தான். திருமலையின் 20 காசை அதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆனால் அந்த விகாரம் கடல் தாண்டி வருபவர்களையும் அரசனையும் நம்பி நின்றது. கப்பல் போக்குவரத்து மாறியது, அரசும் மாறியது. சுற்றிலும் உழுது பிழைக்கும் பௌத்தக் குடிகள் இல்லை. மிச்சமிருந்த கட்டடத்தையும் 1867-ல் இடித்துவிட்டார்கள்.

ஆரணி, போளூர், வந்தவாசி வட்டாரத்துச் சமணர் கதை வேறு. நயினார் என்று அழைக்கப்படும் இவர்கள் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்கள், வீட்டில் பேசுவது தமிழ். நெய் நின்றாலும் வட்டி நின்றாலும் கோயிலைத் திறந்து வைக்க ஊரில் ஆள் இருந்தது. அந்த வீடுகளில் வயதானவர்கள் பலர் இன்றும் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுக் கைகழுவிவிடுவார்கள். இருட்டிவிட்டால் விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்துவிடுமே என்றுதான்.