தமிழ்த் தலைப்பு முகவரியாகும்போது என்ன நடக்கிறது?

"பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி வெறும் 'பிளாக்-போஸ்ட்' என்று வருகிறது. நண்பர் சொந்தமாக நடத்தும் வேர்ட்பிரஸ் தளத்தில் தலைப்பு தமிழிலேயே முகவரியாகிறது. ஆனால் அதை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் முழ நீளத்துக்கு % குறிகளாக விழுகிறது. இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள். எனக்குப் பிடித்தது அந்த % குறி விவகாரம்தான் என்பதால் மற்ற இரண்டையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

முகவரியில் முதலில் வரும் தளப்பெயர், எந்தக் கணினியிடம் போக வேண்டும் என்பதைச் சொல்கிறது. அதற்கு அடுத்த சாய்கோட்டிலிருந்து வருவதெல்லாம் அந்தக் கணினியிடம் கொடுக்கப்படும் வெறும் எழுத்துச் சரம். அதற்கு என்ன பொருள் கொள்வது என்பது முழுக்க அந்தக் கணினியின் இஷ்டம். முகவரியில் வருடமும் மாதமும் இருப்பதால் அங்கே அந்தப் பெயர்களில் கோப்புறைகள் இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம்.

பிளாக்கரில் அந்தக் கணினி கூகுளுடையது. எல்லா வலைப்பூக்களுக்கும் ஒரே நிரல் பதில் சொல்வதால் வருடம், மாதம், பெயர், கடைசியில் '.ஹெச்டிஎம்எல்' என்ற அச்சு எல்லோருக்கும் பொது. நமக்கு விட்டுவைத்திருப்பது அந்தப் பெயரை மட்டும்தான். அதையும் வெளியிடுவதற்கு முன்பே 'பெர்மாலிங்க்' (நிலையான முகவரி) பகுதியில் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கேயும் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு, புள்ளி தவிர வேறெதற்கும் இடமில்லை. நாம் எதுவும் தராவிட்டால் பிளாக்கர் தலைப்பில் ஆங்கில எழுத்துகளைத் தேடும். ஒன்றும் கிடைக்காவிட்டால் 'பிளாக்-போஸ்ட்' என்று எழுதிவிட்டு, அந்த மாதத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் பின்னால் ஓர் எண்ணையும் ஒட்டிவிடும். வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் தளத்திலும் வருடம்-மாதம்-நாள் என்ற அச்சு அவர்களுடையதுதான். ஆனால் பெயரில் தமிழை அனுமதிப்பார்கள்.

சொந்த சர்வரில் அந்த அச்சே நம் கையில் இருக்கிறது. அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் இதைச் செய்வது 1996ல் ரால்ஃப் எங்கல்ஷால் எழுதிய மோட்_ரீரைட் என்ற துணைநிரல். வேர்ட்பிரஸ் அதற்குத் தரும் கட்டளை மிக எளிமையானது: கேட்ட பெயரில் நிஜமான கோப்போ கோப்புறையோ இருந்தால் அதைக் கொடு, இல்லாவிட்டால் எதைக் கேட்டாலும் இன்டெக்ஸ் கோப்பிடம் அனுப்பிவிடு. அப்புறம் வேர்ட்பிரஸ் தன்னிடமுள்ள வார்ப்புப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் வார்ப்பின்படி பெயரைப் பிரித்தெடுத்துத் தரவுத்தளத்தில் தேடும். வருடம் வேண்டுமா, வெறும் பெயர் போதுமா என்பதெல்லாம் அமைப்புகள் பக்கத்தில் ஒரு வரி மாற்றம்தான்.

சரி, இப்போது % குறிக்கு வருவோம்.

இணைய முகவரிக்கான இலக்கணம் 2005ல் இறுதியான ஒரு தரநிலையில் இருக்கிறது. அதன்படி முகவரியில் தடையில்லாமல் எழுதக்கூடிய குறிகள் மொத்தம் 66: ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள் 52, எண்கள் 10, மிச்சம் நான்கு நிறுத்தக்குறிகள். தமிழ் அதில் இல்லை, சீனமும் அரபியும்கூட இல்லை. அப்படியானால் 'த' எப்படிப் போகிறது?

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கோர் எண் தரும் யூனிகோடில் 'த'வின் எண் 2980. ஒரு பைட்டில் 255க்கு மேல் கொள்ளாது என்பதால் இதை உடைத்தாக வேண்டும். உடைக்கும் வழிதான் யூடிஎஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992ல் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிடும்போது மேசைத்தாளில் வரைந்து பார்த்த முறை இது. 2980ஐ இருமத்தில் 16 இலக்கங்களாக எழுதி 4, 6, 6 என்று வெட்டினால் 0000, 101110, 100100 கிடைக்கும். முதல் துண்டுக்கு முன்னால் 1110 என்றும் மற்ற இரண்டுக்கும் முன்னால் 10 என்றும் ஒட்டுங்கள். 11100000, 10101110, 10100100 என மூன்று பைட்டுகள், அதாவது 224, 174, 164.

அந்த ஒட்டுகளில்தான் சாமர்த்தியம். 1110 ரயில் இன்ஜின் மாதிரி. தொடக்கத்தில் மூன்று ஒன்றுகள் இருப்பதால் தன்னையும் சேர்த்து மொத்தம் மூன்று பைட்டுகள் என்று அதுவே சொல்லிவிடுகிறது. 10 என்று தொடங்குபவை பின்னால் கோர்த்த பெட்டிகள். தரவின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு எந்த பைட்டைத் தொட்டாலும் எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதை உடனே கண்டுபிடித்துவிடலாம். ஓர் இரவு உணவுக்கு இதைவிட நல்ல விளைச்சலை நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசிப் படி சுலபம். ஒவ்வொரு பைட்டையும் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் எழுதி முன்னால் % போட வேண்டும். ஆங்கில எழுத்துகளைத் தமிழில் ஒலித்துக் காட்டினால் 'த' என்பது %ஈ0%ஏஈ%ஏ4. ஓர் எழுத்துக்கு ஒன்பது குறிகள். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள் (யூனிகோட் எண்கள்), ஆகவே 45 குறிகள். தமிழுக்கான 128 இடங்களும் 2944இலிருந்து 3071 வரை அடுத்தடுத்து இருப்பதால் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. இரண்டாவது பைட்டில் இரண்டே வகை. அதனால்தான் எந்தத் தமிழ் முகவரியை ஒட்டினாலும் 'ஈ0 ஏஈ' திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு வகைகளின் எல்லை சரியாகக் குறிலுக்கும் நெடிலுக்கும் நடுவில் விழுகிறது: 'கி'யின் கொக்கி ஒரு பக்கம், 'கீ'யின் கொக்கி மறுபக்கம்.

தமிழுக்கு மூன்று பைட் கொடுத்தது சதி என்று ஒரு புலம்பல் அவ்வப்போது கிளம்பும். யூடிஎஃப்-8 கணக்கில் 2047 வரை இரண்டு பைட், அதற்கு மேல் 65535 வரை மூன்று. கிரேக்கமும் அரபியும் கோட்டுக்கு உள்ளே விழுந்தன. தேவநாகரியும் தமிழும் வெளியே. சதி செய்ய நினைத்தவர் இந்தியையும் சேர்த்தா வெளியே தள்ளுவார்?

ஆனால் விளைவு நிஜம். வேர்ட்பிரஸ் பதிவுப் பெயரை இந்த % வடிவில்தான் சேமிக்கிறது, அதற்கு 200 குறிகள்தான் எல்லை. ஒன்பதால் வகுத்தால் இருபத்திரண்டு குறியெண்கள். 'கடல் நீர் ஏன் உப்பாக இருக்கிறது' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். 193 குறிகள் வரை வந்ததும் அடுத்த ஒன்பதுக்கு இடம் போதாது. முகவரி 'கடல்-நீர்-ஏன்-உப்பாக-இருக' என்று நின்றுவிடும். 'க்'கில் புள்ளி உதிர்ந்தது பிழையல்ல, புள்ளி தனிக் குறியெண் என்பதால் வெட்டு அதன் முன்னால் விழுகிறது. ஆகவே தமிழில் முகவரி வைப்பவர்கள் 'கடல்-உப்பு' என்று தாங்களே சுருக்கி எழுதிவிடுவது நல்லது.

இன்னொரு பொறியும் உண்டு. 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். பக்கம் இல்லை என்று 404 காட்டிவிடும். தமிழ்க் கணிமைக்கு ஒதுக்கும் பணம் மாநாட்டு மேடைகளுக்குப் போவதைவிட இந்த மாதிரிச் சில்லறைக் குழப்பங்களைத் தீர்க்கும் நிரலாளர்களுக்குப் போகலாம் என்பது என் கட்சி.

முகவரியில் தேதி இருந்தால் கூகுள் கீழே தள்ளிவிடும், முக்கியச் சொல்லைத் திணித்தால் மேலே ஏற்றிவிடும் என்று சொல்பவர்கள் நிறைய. அதில் பெரும்பகுதி ஜோதிடம். முகவரியிலுள்ள சொற்களுக்குத் தேடலில் இருக்கும் எடை மிகச் சிறியது. அதை நம்பி பழைய முகவரிகளை மாற்றினால், வெளியிலிருந்து வந்த இணைப்புகள் அறுந்துபோகலாம். ஒரு பதிவின் பெயரை மட்டும் மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய பெயரை நினைவில் வைத்து '301, நிரந்தரமாக இடம் மாறியது' என்று வழிகாட்டும். மொத்த அச்சையும் மாற்றினால் சில நேரம் ஊகித்துக் கண்டுபிடிக்கும், சில நேரம் கைவிரிக்கும்.

பிளாக்கரிலிருந்து சொந்த சர்வருக்குப் போக நினைப்பவர்கள் முதலில் பிளாக்கரில் இருக்கும்போதே சொந்த டொமைனை (தளப்பெயரை) இணைத்துக்கொள்ளுங்கள். பிளாக்ஸ்பாட் பெயரைக் கையோடு எடுத்துப்போக முடியாது. பிறகு வேர்ட்பிரஸில் வருடம், மாதம், பெயர், '.ஹெச்டிஎம்எல்' என்று பிளாக்கரின் அச்சையே வார்த்து, பதிவுகளின் பெயர்களையும் அப்படியே வைத்துவிட்டால், பழைய இணைப்புகள் புதிய சர்வரிலும் திறக்கும். அந்த 'பிளாக்-போஸ்ட்' பதிவுகளில் மட்டும் கவனம் வேண்டும்: ஒரே பெயர் வேறு மாதங்களில் திரும்ப வந்தால் வேர்ட்பிரஸ் பின்னால் ஓர் எண்ணை ஒட்டி மாற்றிவிடும்.