முந்திரி என்றால் எது? எல்லையோர உணவியல் வகுப்பறையிலிருந்து சில குறிப்புகள்

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான களியக்காவிளை எல்லையிலிருந்து சிறிது தொலைவில், மார்த்தாண்டத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பமும் உணவகப் பரிமாறுதலும் கற்பித்து வருகிறேன். என் வகுப்பில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளப் பிள்ளைகளும், குழித்துறை, தக்கலைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும், விடுதியில் தங்கிப் படிக்கும் திருநெல்வேலி, மதுரைப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்திருப்பார்கள். இவர்களில் எவரைக் கேட்டாலும், கிருமிகள் வேகமாகப் பெருகும் ஆபத்து வெப்பநிலை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை என்று தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதிவிடுவார்கள். ஆனால் அன்று மாலையே விடுதிச் சமையலறையில் மூடிவைத்திருக்கும் சோற்றுப் பானையைக் கடந்து போகும்போது, தாம் எழுதிய விடைக்கும் அந்தப் பானைக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அறியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். தெரியும் என்று நினைப்பவர் கேட்பதே இல்லை. ஆகவே என் வகுப்பின் செயல்பாடுகளுக்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: மாணவர் முதலில் தம் விடையை உறுதியாகச் சொல்லவேண்டும், பிறகு அது தம் கையாலேயே சரியாவதையோ பொய்யாவதையோ காணவேண்டும். விளக்கம் அதற்குப் பின்னால்தான் வரும்.

இந்த விதி எனக்குப் பிடிபட்டது ஒரு பாயசத்தால். ஒவ்வாமை குறித்த பாடத்தை முடித்த பிறகு, விருந்தினரும் பரிமாறுபவருமாக இருவரை நடிக்கச் சொன்னேன். விருந்தினராக மதுரைப் பையன். அவனுக்கு முந்திரிப்பருப்பு ஒவ்வாது என்று வைத்துக்கொண்டோம். பரிமாறுபவராகப் பாறசாலைப் பெண். "பாயசத்துல முந்திரி இருக்காம்மா?" என்று அவன் கேட்டான். அவள் சமையலறைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இல்ல சார், முந்திரி சேர்க்கல்ல" என்றாள். அவன் குடித்து முடித்தான். அந்தப் பாயசத்தில் நெய்யில் வறுத்த முந்திரிப்பருப்பு மிதந்துகொண்டிருந்தது.

அவள் பொய் சொல்லவில்லை. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. உலர் திராட்சை அன்றைய பாயசத்தில் இல்லை என்பது உண்மையே. தமிழ்நாட்டின் பெரும்பகுதி முந்திரிப்பருப்பு என்று சொல்வதை அவள் வீட்டில் அண்டிப்பரிப்பு என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் வீடுகளிலும் அண்டிப்பருப்பு என்பதே பேச்சுவழக்கு. அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு பொருளும் தெரியும். அவர்கள்தான் அன்று முதலில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்குச் சில நிமிடங்களிலேயே உதடு வீங்கி, உடல் தடித்து, மூச்சு இறுகி, உயிருக்கே ஆபத்து வரலாம். பருப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் பயனில்லை, ஏனெனில் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் நெய்யிலும் பாலிலும் கலந்திருக்கும். அந்தப் பாயசத்தில் நின்ற கரண்டியை வேறு பாத்திரத்தில் இட்டால் அங்கும் போய்ச் சேரும்.

அன்று முதல் இந்த நடித்துக்காட்டலை ஆண்டுதோறும் முதல் மாதத்திலேயே வைத்துவிடுகிறேன். முந்திரியோடு கடலையையும் சேர்த்துக்கொண்டேன், ஏனெனில் அது இன்னும் மோசமான கண்ணி. தமிழர் கடலை என்று கேட்டால் பெரும்பாலும் நிலக்கடலையைக் குறிக்கிறார். மலையாளிக்குக் கடலை என்றால் புட்டுக்குக் குழம்பு வைக்கும் கொண்டைக்கடலை. நிலக்கடலையை அவர் கப்பலண்டி என்பார். அண்டி என்ற ஒலி முந்திரிப்பருப்பின் பெயரிலும் இருப்பதால், புதிதாக வந்த திருநெல்வேலிப் பையன் கப்பலண்டியையும் அண்டிப்பரிப்பையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்கிறான். மூன்று வெவ்வேறு பொருள்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் பெயர்கள், நடுவில் ஒவ்வாமை உள்ள விருந்தினர்.

தீர்வை நான் சொல்லிக்கொடுப்பதில்லை. அவர்களையே கண்டுபிடிக்க விடுகிறேன். ஒரு குழு ஒவ்வொரு பருப்பையும் சிறிய கண்ணாடிக் குப்பியில் இட்டுப் பரிமாறும் மேசையருகே வைத்தது; ஐயம் வந்தால் பெயரைச் சொல்லாமல் குப்பியைக் காட்டிக் கேட்பது என்பது அவர்கள் வகுத்த முறை. இன்னொரு குழு, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பொட்டலங்களில் அறிவிக்கச் சொல்லும் எட்டு ஒவ்வாமைப் பிரிவுகளை எடுத்துக்கொண்டது: பசைப்புரதமுள்ள (குளூட்டன்) தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்பைட்டு என்ற பதப்படுத்தும் பொருள். இவை ஒவ்வொன்றுக்கும் தங்கள் தங்கள் வீட்டில் வழங்கும் பெயர்களை எல்லாம் ஒரு பலகையில் எழுதினார்கள். முந்திரிக்கு மட்டும் அண்டிப்பருப்பு, கசுவண்டி, கொல்லாங்கொட்டை என்று வரிசை நீண்டது. பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்கு உணவுப் பட்டியலிலேயே ஒவ்வாமைத் தகவல் தரவேண்டிய கடமை உண்டு. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேலைக்குப் போகும் சாலையோர உணவகத்தில் பரிமாறுபவரின் வாய்தான் அந்தப் பட்டியல். ஆகவே இந்தப் பலகையை நான் அழிக்கவிடுவதில்லை. மழைக்காலத்தில் குப்பியில் வண்டு விழுந்துவிடும் என்பது மட்டும் சிறு தொல்லை.

கை கழுவும் செயல்பாட்டுக்குச் செலவே இல்லை. உள்ளங்கையில் சிறிது தேங்காயெண்ணெயும் மஞ்சள்தூளும் குழைத்துக் கை முழுதும் பூசிக்கொண்டு, வழக்கமாகக் கழுவுவது போலவே கழுவச் சொல்வேன். பிறகு அறையை இருட்டாக்கி, கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கைப் பிடித்தால், மிச்சமிருக்கும் மஞ்சள் பச்சை கலந்த நிறத்தில் ஒளிரும். கட்டைவிரலின் அடி, நகக்கண், விரலிடுக்கு, மோதிரத்தின் உள்பக்கம் ஆகியவை ஒவ்வோர் ஆண்டும் மாறாமல் ஒளிர்கின்றன. கோவிலில் கட்டிய கைக்கயிறு எல்லாவற்றையும்விட அதிகமாக ஒளிரும். அதைக் கழற்றச் சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடுகிறது, வீட்டிலிருந்து அழைப்பும் வருகிறது. விளக்கைக் காட்டிய பிறகு அவர்களே கழற்றிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

சோற்றுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த செயல்பாடு இதுவே. ஒரு முழு நாள் ஆகும், அட்டவணை போடும் அலுவலர் என்னோடு சண்டைக்கு வருவதும் இதற்காகத்தான். இப்பக்கத்தில் சம்பா என்று சொல்லும் சிவப்புப் புழுங்கல் அரிசியைக் காலையிலேயே மூன்று கிலோ வடிக்கிறோம். பாதியைக் குழிந்த பானையில் மூடிவைக்கிறோம். மறுபாதியை இரண்டு அங்குல உயரத்துக்கு மிகாமல் அகலத் தட்டில் பரப்பி, தட்டைப் பனிக்கட்டி நீரின் மேல் நிறுத்துகிறோம். எது எத்தனை மணிக்கு ஆறும் என்று ஒவ்வொரு குழுவும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திடவேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை வெப்பமானியைச் சோற்றின் நடுவில் குத்தி அளவெடுத்து வரைபடம் போடுகிறார்கள். அந்த வெப்பமானியை நம்பலாமா என்பதையும் முதலில் அவர்களே சோதிக்கிறார்கள்: நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் அது 0 காட்டவேண்டும், கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊரில் கொதிநீரில் 100-ஐ ஒட்டிக் காட்டவேண்டும்.

தட்டுச் சோறு அவர்கள் எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே ஆறிவிடும். பானைச் சோற்றின் மேற்பரப்பும் ஆறியிருக்கும். ஆனால் மதிய உணவு முடிந்து அவர்கள் திரும்பி வரும்போதும் பானையின் நடுப்பகுதி கைபொறுக்கும் சூட்டிலேயே கிடக்கும். அந்த இதமான சூடுதான் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமிக்கு வேண்டியது. அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை; சூடு குறைந்ததும் முளைத்துப் பெருகுகின்றன. அது உண்டாக்கும் வாந்தி நச்சு, மறுநாள் அந்தச் சோற்றை எண்ணெய்ச் சட்டியில் போட்டு எவ்வளவு வறுத்தாலும் அழிவதில்லை. சமைத்த உணவு 60 டிகிரியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 21-க்கும், அதற்கடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5-க்கும் இறங்கவேண்டும் என்ற தொழில்முறை அளவு, வரைபடத்தைத் தாங்களே போட்ட பிறகு அவர்களுக்கு மனப்பாடம் செய்யவேண்டிய எண்ணாக இருப்பதில்லை.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு பக்க விளையாட்டு உண்டு. உகந்த சூழலில் பல கிருமிகள் ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மேசைமேல் ஒரு புளியங்கொட்டையை வைத்து, ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக வைத்துக்கொண்டே போகச் சொல்வேன். பத்தாம் முறையில் 1,024 கொட்டை வேண்டும். அதற்குள் டப்பா காலியாகிவிடும். ஆறு மணி நேரத்துக்குப் பதினெட்டு முறை, அதாவது 2,62,144 என்று கணக்குப் போட்டுக் காட்டும்போது, பின்வரிசையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பவரும் தலையை நிமிர்த்துவார்.

ஓராண்டு, தக்கலைப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படின்னா எங்க பாட்டி தெனமும் பழஞ்சி குடிக்குறாங்களே மிஸ், அவங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?" என்று கேட்டாள். பழஞ்சி என்றால் நீரூற்றி வைத்த பழைய சோறு. என் ஆசிரியப் பணியில் நான் கேட்ட நல்ல கேள்விகளில் அதுவும் ஒன்று. அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, மறுநாள் அவள் வீட்டுப் பழஞ்சியையே கொண்டுவரச் சொல்லி, புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் தோய்த்துப் பார்த்தோம்; புளிப்பு ஏற ஏற பி.எச். எண் இறங்கும். நீரில் மூழ்கிக் கிடக்கும் சோற்றில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் வளர்ந்து புளிப்பை ஏற்றுகின்றன. பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால் உணவை நஞ்சாக்கும் கிருமிகள் பலவற்றின் வளர்ச்சி தடைப்படும். மூடிய பானையில் உலர்ந்து கிடக்கும் சோற்றுக்கு அந்தப் புளிப்பின் காவல் கிடையாது. பாட்டியின் வழக்கத்தைப் பழமை என்று ஒதுக்குவதும் தவறு, அதைக் காட்டி எல்லாப் பழைய சோற்றையும் நம்புவதும் தவறு என்பதை வகுப்பே பேசித் தீர்த்தது. அதன் பிறகு பழஞ்சியும் பானைச் சோறும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளப்பது பாடத்தின் பகுதியாகிவிட்டது. புளிப்பு ஏறத் தொடங்குவதற்கு முந்தைய மணி நேரங்களில் என்ன நடக்கிறது என்ற அடுத்த கேள்விக்கு அவளுடைய வகுப்பே செய்முறைத் திட்டம் எழுதியது.

மீன் பாடம் சுருக்கமானது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்த அயலையில் ஒன்றைப் பனிக்கட்டியிலும் மற்றொன்றை நிழலிலும் வைத்து, மணிக்கொருமுறை கண், செவுள், விரலழுத்தம் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்வேன். சில மணி நேரம் வரை இரண்டையும் பிரித்தறியப் பலரால் முடிவதில்லை. அயலை, சூரை போன்ற மீன்கள் குளிரில்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேர்கிறது. அதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இருக்கவேண்டிய கட்டாயமில்லை, குழம்பில் கொதித்தாலும் அது போவதில்லை. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் இதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ள மறுப்பார்கள், அவர்கள் வீட்டில் மீனைப் பார்த்தே வாங்கிப் பழகியவர்கள். நானும் வற்புறுத்துவதில்லை, இரண்டு மீனையும் தூக்கி எறியச் சொல்லிவிட்டு, மீனின் விலையை அவர்கள் செய்முறைக் கணக்கில் எழுதவைக்கிறேன்.

சுவை மதிப்பீட்டுக்கு ஏத்தங்காய்ச் சிப்ஸ், அதாவது நேந்திரங்காய் வறுவல். தேங்காயெண்ணெயில் பொரித்ததைக் கண்ணைக் கட்டினாலும் சொல்லிவிடுவேன் என்று இந்த ஊரில் எல்லாரும் மார்தட்டுவார்கள். ஒருவருக்கு மூன்று தட்டு, இரண்டில் ஒரே சிப்ஸ், ஒன்றில் வேறு: பாதிப் பேருக்குத் தேங்காயெண்ணெயில் பொரித்தது இரண்டு, பாமாயிலில் பொரித்தது ஒன்று; மறுபாதிக்கு மாற்றி. தட்டுகளில் 617, 284 போன்ற மூன்றிலக்க எண்கள் மட்டும் இருக்கும். மூன்றில் எது வேறு என்று சொல்லவேண்டும். வைக்கும் வரிசைகள் மொத்தம் ஆறு இருப்பதால், 24 பேரை வரிசைக்கு நான்கு பேராகப் பிரித்துவிடலாம். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார் என்பதால், 24 பேரில் 13 பேராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உணரப்பட்டது என்று ஐந்து விழுக்காட்டுப் பிழை எல்லைக்குள் சொல்லமுடியும். எட்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடைப்பட்ட அந்தத் தொலைவை விளக்க முன்பெல்லாம் எனக்கு இரண்டு வகுப்பு பிடித்தது. இப்போது சிப்ஸ் தின்றுகொண்டே புரிந்துகொள்கிறார்கள். பெரும்பேச்சுப் பேசியவர் தவறிப்போகும் ஆண்டுகளில் வகுப்பு இன்னும் கலகலப்பாக நடக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

சட்டத்தைக் கற்பிக்கவும் இந்த எல்லையே உதவுகிறது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது. பொட்டலம் கட்டிக் கொடுக்கும் உணவில் சமைத்த நேரத்தையும் உண்டு முடிக்கவேண்டிய நேரத்தையும் குறித்த சீட்டு ஒட்டவேண்டும் என்ற ஆணையும் அதே மாதத்தில் வந்தது. தமிழ்நாடு அந்த மயோனைசை 2025 ஏப்ரலில்தான், ஓராண்டுக்கு என்று, தடை செய்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில், ஒரே முட்டை, ஒரே எண்ணெய், ஒரே கிண்ணம், சாலையின் ஒரு பக்கத்தில் குற்றமாகவும் மறுபக்கத்தில் வியாபாரமாகவும் இருந்தது. அந்தக் காலத்தில் நான் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் களியக்காவிளைக் கடைக்காரராகவும் மறுபாதியைப் பாறசாலைக் கடைக்காரராகவும் வைத்து, பச்சை முட்டையில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா கிருமி பற்றிய பாடத்தை முன்னால் வைத்துக்கொண்டு வாதாடச் சொன்னேன். முடிவில், "நாம எந்தப் பக்கத்துச் சட்டத்தைப் பார்க்கணும் மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். எங்கள் பயிற்சிச் சமையலறையில் பாஸ்டர் முறையில், அதாவது கிருமி சாகும் அளவு, சூடேற்றிய முட்டையைத்தான் அன்று முதல் மயோனைசுக்குப் பயன்படுத்துகிறோம். நேரச் சீட்டும் ஒட்டுகிறோம், தமிழ், மலையாளம் இரண்டிலும்.