ரெக்கார்டில் செய்த தொன்னை

ஓவனிலிருந்து எடுத்த எல்.பி. ரெக்கார்டு ஈரத்துண்டு மாதிரித் தொங்கியது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் இதே தட்டை விரலால் சுண்டியபோது ‘டப்’பென்று கெட்டியான சத்தம் வந்தது. இப்போது உள்ளங்கையில் ஏந்தினால் இரண்டு பக்கமும் வழிகிறது. கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் அதைப் போட்டு, லேபிள் நடுவில் உட்கார்ந்ததா என்று பார்த்து, கையுறை போட்ட கையால் ஓரத்தை லேசாக அணைத்தேன். முடிப்பதற்குள் விறைத்துவிட்டது. அரை நிமிஷம் இருந்தால் அதிகம். உள்ளிருந்த கிண்ணத்தை உருவியதும், சுற்றிலும் அலையலையாக மடிப்பு விழுந்த ஒரு கறுப்புப் பாத்திரம் நின்றது. அடியில் சிவப்பு லேபிள், அதன் நடுவில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஓட்டை.

கீறல் விழுந்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்த தட்டு அது. இனி பாடப் போவதில்லை என்று உறுதியானவற்றைத்தான் நான் ஓவனில் வைப்பேன். நன்றாகப் பாடும் ரெக்கார்டை வளைப்பது எனக்கு ஒப்பாத காரியம். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய தட்டு விற்கும் கடைகளில் கேட்டால், பாடாத தட்டுகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

இந்த வேலையைப் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இவ்வளவு கெட்டியான தட்டு எப்படி இவ்வளவு சீக்கிரம் இளகுகிறது? நல்ல கேள்விதான். ஆனால் அந்த மடிப்புகள் ஏன் விழுகின்றன என்று யாரும் கேட்பதில்லை. அதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் இளகுவதைப் பார்த்துவிடலாம்.

ரெக்கார்டு செய்யும் பொருள், வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. குழாய் பி.வி.சி., அதாவது வினைல் குளோரைடு என்ற மூலக்கூறை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. ரெக்கார்டில் அந்தச் சங்கிலியின் இடையிடையே வினைல் அசிட்டேட்டையும் கோத்திருப்பார்கள். நூற்றுக்குச் சுமார் 13 முதல் 15 பங்கு. இந்த அசிட்டேட், பஸ்ஸில் மடியில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பவர் மாதிரி. பக்கத்துச் சங்கிலியை ஒட்டி உட்கார விடாது. சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாததால், குழாயைவிடக் குறைந்த சூட்டிலேயே இந்தப் பொருள் இளகிக் கொடுக்கும். பாட்டு பதிந்திருக்கும், தலைமுடியைவிட மெல்லிய பள்ளங்களுக்குள்ளும் புகுந்து நிரப்ப வேண்டிய பொருளுக்கு அந்தக் குணம் வேண்டும். கறுப்பு நிறம் கொஞ்சம் கரித்தூள் சேர்ப்பதால் வருவது.

ஐஸ் கட்டி 0 டிகிரியில் உருகித் தண்ணீராகிறது. ரெக்கார்டு அப்படி உருகுவதில்லை. ராத்திரி மீந்துபோய்க் காற்றாடக் கிடந்த இடியாப்பத்தைக் காலையில் எடுத்துப் பாருங்கள். இழைகள் விறைத்து, வளைத்தால் ஒடியும். அதையே மறுபடி ஆவியில் வைத்தால் ஒவ்வொரு இழையும் நெகிழும். ஆனால் பின்னல் பிரியாது, முழு இடியாப்பமும் ஒன்றாகவே வளையும். ரெக்கார்டிலும் ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸை ஒட்டி இதுதான் நடக்கிறது. அதற்குக் கீழே சங்கிலிகள் அசையாமல் உறைந்து கிடக்கின்றன. அதைத் தாண்டினால் சங்கிலியின் துண்டுகள் நெளிய ஆரம்பிக்கின்றன. ஆனால் ஒன்றோடொன்று போட்ட சிக்கு அப்படியே இருக்கிறது. கண்ணாடி மாதிரி இருந்தது ரப்பர் மாதிரி ஆகிறது. இந்த இடத்துக்குக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று பெயர். இன்னும் சூடேற்றி 150 டிகிரி வாக்கில் கொண்டுபோனால் சிக்கும் நழுவத் தொடங்கி, பொருள் கெட்டிக் கூழாக ஓடும்.

ரெக்கார்டு பிறப்பது இந்தக் கூழ் நிலையில். தொழிற்சாலையில், கையளவு சூடான வினைல் உருண்டையை மேலும் கீழும் இரண்டு லேபிள்களோடு அச்சுகளுக்கு நடுவே வைப்பார்கள். நீராவியால் சூடேறிய அச்சு, 100 டன் அளவுக்கான விசையோடு அழுத்தும். உருண்டை வழிந்து பரவிப் பள்ளங்களை நிரப்பும். உடனே அதே அச்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடித் தட்டை ஆற்றிவிடும். மொத்தம் அரை நிமிஷ வேலை. லேபிளுக்குப் பசை கிடையாது. அந்த அழுத்தத்திலேயே வினைலோடு ஒன்றிப்போகிறது. அதனால்தான் ஓவனில் வைத்தாலும் லேபிள் உரிவதில்லை. கிண்ணம் செய்யும் நாமோ 100 டிகிரி பக்கத்தில், ரப்பர் நிலையிலேயே நின்றுவிடுகிறோம். இந்த வித்தியாசம் பின்னால் ஒரு வேலை காட்டும்.

சரி, மடிப்புக்கு வருவோம்.

எல்.பி.யின் விட்டம் 30 சென்டிமீட்டர். விளிம்பைச் சுற்றி நூல் வைத்து அளந்தால் சுமார் 94 சென்டிமீட்டர். லேபிளை அடிப்பாகமாக வைத்து, மீதியை 45 டிகிரி சாய்வில் மேலே தூக்குகிறோம் என்று வையுங்கள். நடுவிலிருந்து லேபிள் ஓரம்வரை 5 சென்டிமீட்டர், அங்கிருந்து விளிம்புவரை 10. சாய்த்துத் தூக்கியதும் அந்த 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் 7 சென்டிமீட்டர்தான் இடம் பிடிக்கும். ஆக, கிண்ணத்தின் வாய் 12 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம். சுற்றளவு ஏறக்குறைய 75. கையில் இருப்பது 94, வேண்டியது 75. மிச்சம் சாணுக்குக் கொஞ்சம் குறைவான விளிம்பு எங்கே போகும்?

வழுவழுப்பான வாய் வேண்டுமென்றால், அந்த மிச்சம் சுருங்கித் தடித்துத் தன்னையே விழுங்க வேண்டும். பாத்திரம் அடிப்பவர் பித்தளைத் தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டிச் செய்வது அதைத்தான். குயவர் சக்கரத்தில் களிமண்ணை இழுத்து ஏற்றும்போதும் மண் இடம் மாறி ஓடுகிறது. நம் ரெக்கார்டுக்குச் சுத்தியும் இல்லை, சக்கரமும் இல்லை. இருப்பது தன் எடைதான். அதுவும் 120, 140 கிராம்.

தகடு மெலிய மெலிய, அதை வளைப்பது இழுப்பதைவிட மிக மிகச் சுலபமாகிறது. தடிமனைப் பாதியாக்கினால், இழுக்கத் தேவையான விசை பாதிதான் குறையும்; வளைக்கத் தேவையானதோ எட்டில் ஒரு பங்காகிவிடும். ரெக்கார்டின் தடிமன் சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. எனவே இளகிய தட்டு சுருங்க மெனக்கெடாது. மிச்சத்தை மடிப்பாக விட்டுவிடும். கோயில் வாசலில் பிரசாதம் வாங்கும் தொன்னையை நினைத்துப் பாருங்கள். வட்ட இலை இழுபடாது. எனவே மடித்து ஈர்க்குக் குத்துகிறார்கள். மடிப்பே இல்லாமல் இலையில் தொன்னை செய்ய யாராலும் முடியாது. காகிதத் தொன்னையின் ஓரம் நெளிநெளியாக இருப்பதற்கும் இதே காரணம்தான்.

இதற்கு ஒரு கணிதத் தேற்றமே உண்டு. ஒரு பரப்பை இழுக்காமல், சுருக்காமல், கிழிக்காமல் எப்படி வளைத்தாலும் அதன் உள்ளார்ந்த வளைவு ஒன்று மாறாது என்று 1827-ல் கார்ல் ஃப்ரீட்ரிக் கவுஸ் நிறுவினார். தட்டையான தாளுக்கு அந்த வளைவு பூஜ்யம். அரைக்கோளக் கிண்ணத்துக்குப் பூஜ்யம் இல்லை. ஆகவே தாளைக் குழாயாகச் சுருட்டலாம், கூம்பாக்கலாம், கிண்ணமாக்க முடியாது. நான் வைத்திருக்கும் ரெக்கார்டுக் கிண்ணத்தை உற்றுப் பார்த்தால், அது உண்மையில் கிண்ணமே இல்லை. உள்ளே வெளியே என்று மாறி மாறித் திரும்பும் கூம்புத் துண்டுகளின் வரிசை.

எத்தனை மடிப்பு விழும் என்பது அச்சைப் பொறுத்தது. ஒடுங்கிய டப்பாவின் மேல் போட்டால் கைக்குட்டையை டம்ளர் மேல் போட்ட மாதிரி நாலைந்து ஆழமான மடிப்பு. அகலமான கிண்ணம் என்றால் சின்னச் சின்ன அலைகள். சூடு ஆறுவதற்குள், புடவைக்குக் கொசுவம் எடுப்பது மாதிரி விரலால் சேர்த்துவிட்டால் சீராகவும் வரும். எனக்கு அது பிடிப்பதில்லை. தட்டு தானாகத் தேடிக்கொண்ட கோணல் மடிப்புதான் பார்க்க அழகு.

அப்புறம், பள்ளங்கள். எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்றும்; 20 நிமிஷம் ஓடும் பக்கத்தில் சுமார் 667 சுற்று. ஒரு சுற்றுக்குச் சராசரி 65 சென்டிமீட்டர் என்று வைத்தாலும், ஒரே பள்ளத்தின் நீளம் 400 மீட்டரைத் தாண்டுகிறது. 100 டிகிரி சூடு அதை அழிப்பதில்லை. கிண்ணத்தின் உட்புறத்தில் நகத்தை வைத்து இழுத்தால் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம் வருகிறது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: 100 முதல் 110 டிகிரிக்கு மேல் போக வேண்டாம், மூன்று முதல் ஐந்து நிமிஷம் போதும், ஜன்னல் திறந்திருக்கட்டும். கேஸ் அடுப்புத் தீயில் காட்டவே கூடாது. பி.வி.சி. அதிகம் சூடானால் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜன் குளோரைடு கழன்று வரும். ஒன்று கழன்றதும் அதன் பக்கத்தில் இருப்பது பலவீனமாகும், அதுவும் கழலும். தையல் பிரிவது மாதிரி வரிசையாகப் போகும். வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடே மேலும் பிரிவதைத் தூண்டும். அது ஈரத்தில் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணும் மூக்கும் ஈரமானவைதானே. எரிந்தால் டையாக்சின் போன்ற நச்சுகளும் சேரும். வெள்ளைக் குழாய் இப்படிக் கெட ஆரம்பித்தால் மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்கும். கறுப்பு ரெக்கார்டில் அந்த எச்சரிக்கை கண்ணுக்குத் தெரியாது. காரமான வாடை மூக்கில் ஏறும்போதுதான் தெரியும், அது தாமதம்.

இந்தப் பயமே வேண்டாம் என்றால் தண்ணீர் இருக்கிறது. அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு இடுக்கியால் தட்டை முக்கி எடுங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதே பாதுகாப்பு. அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லாதவர்கள் சினிமாப் பாட்டு இ.பி. தட்டில் ஆரம்பிக்கலாம், அதன் அகலம் ஏழு அங்குலம்தான். எந்த முறையில் செய்தாலும் சாப்பாட்டுப் பண்டம் போடாதீர்கள். பி.வி.சி. சூட்டில் கெடாமல் இருக்க அந்தக் காலத்தில் ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பதும் வழக்கம்.

நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய ‘78’ ரெக்கார்டு கையில் கிடைத்தால் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது வினைல் இல்லை, அரக்கு. அரக்கு மாளிகை கட்டினார்களே, அதே அரக்கு; மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது. அதோடு கல்தூளும் கரித்தூளும் கலந்து அழுத்திச் செய்த தட்டு. நம் நாட்டிலேயே 1908-ல் கல்கத்தாவின் சியால்தாவில் இதற்குத் தொழிற்சாலை வந்துவிட்டது. 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் வினைல் எல்.பி.யை வெளியிட்ட பிறகும், இங்கே 1960-களில்கூட அரக்குத் தட்டு அச்சாகிக்கொண்டிருந்தது. அரக்கும் சூட்டில் இளகும்தான். ஆனால் கல்தூள் நிறைந்த அந்தத் தட்டு, கை தவறிக் கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்கும். கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும்: 78 கனமாக இருக்கும், தட்டினால் ஓட்டுச் சத்தம் வரும், வளைக்கப் போனால் உடையும்.

ரப்பர் நிலையில் வளைப்பது பின்னால் ஒரு வேலை காட்டும் என்றேனே, அது இதுதான். தொழிற்சாலையில் கூழாக ஓடியபோது சங்கிலிகள் தங்கள் பழைய உருண்டை வடிவத்தை மறந்து, தட்டையாக இருப்பதையே இயல்பாக்கிக்கொண்டன. நாம் வளைத்தபோதோ சிக்கு அவிழவில்லை. சங்கிலிகள் இழுபட்ட நிலையில் குளிர்ந்து மாட்டிக்கொண்டிருக்கின்றன. கிண்ணத்தை நிமிர்த்தி மறுபடி ஓவனில் வைத்துக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, ஓரம் சரிந்து, சற்று நேரத்தில் ஏறக்குறையப் பழைய தட்டாகப் படுத்துவிடும். சரியாக வராத கிண்ணத்தைத் திருத்த எனக்கு அதுதான் வழி.

இதை அத்தையிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. சாவியும் சில்லறையும் போட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் செய்து கொடுத்திருந்தேன். அவர் அதைக் கார் டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு, மே மாச வெயிலில் காரைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் போன் வந்தது.

“என்னடா இது, நீ கொடுத்தப்போ கிண்ணம்தானே? இப்போ தாம்பாளமா இருக்கு!”