பந்தயப் பலகை சொல்லும் கணக்கு

1867-இல் பாரிஸில் ஜோசப் ஒல்லெர் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்ட ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். எல்லோரும் கட்டும் பணம் ஒரே குவியலில் சேரும். நடத்துபவர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். மிச்சம் ஜெயித்த குதிரைமேல் கட்டியவர்களுக்குப் பிரியும். இன்று ‘டோட்’ என்று சொல்லப்படுவது இதுதான். இதில் நாம் மோதுவது பக்கத்தில் நின்று பணம் கட்டும் மற்றவர்களோடு.

குவியலில் 1000 இருக்கிறது, நடத்துபவர் 200 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 800. ஒரு குதிரைமேல் மட்டும் 400 விழுந்திருந்தால், அது ஜெயிக்க 40% வாய்ப்பு என்று கூட்டம் நினைக்கிறது. ஜெயித்தால் கட்டிய 1-க்கு 2 கிடைக்கும். கூட்டத்தின் கணிப்பு சரியாகவே இருந்தாலும் 100 முறை கட்டினால் 40 முறைதான் ஜெயிப்போம், கைக்கு வருவது 80. நல்ல குதிரையைக் கண்டுபிடித்தும் நஷ்டம்! போட்டதையாவது எடுக்க அதன் உண்மையான வாய்ப்பு 50% இருக்க வேண்டும். ஆக, தேட வேண்டியது கூட்டம் குறைத்து மதிப்பிட்ட குதிரையை.

அப்படித் தவறுமா கூட்டம்? தவறும். யாரும் எதிர்பார்க்காத குதிரைகள்மேல் தேவைக்கு அதிகமாகப் பணம் விழுகிறது என்பதை உளவியலாளர் கிரிஃபித் 1949-இலேயே காட்டினார். பெரிய தொகை ஒரே அடியில் வரும் என்ற ஆசை அவ்வளவு வலுவானது.

அப்புறம் கணினி வந்தது. பழைய ஓட்டங்களின் நேரம், சுமக்கும் எடை, ஜாக்கி, தூரம், தரையின் ஈரம் எல்லாவற்றையும் வைத்து ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு மதிப்பெண். அவற்றை மொத்தம் 100% வரும்படி வாய்ப்புகளாக மாற்றுவது. 1986-இல் போல்டன், சாப்மன் என்ற ஆய்வாளர்கள் இந்த வழியை விளக்கினார்கள். ஹாங்காங்கில் பில் பென்டர் என்ற பந்தயக்காரர் இதைப் பெரிய அளவில் செய்துபார்த்தார். அவர் கண்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: கணினியின் கணக்கு எந்தக் குதிரையில் பெரிய லாபம் இருப்பதாகச் சொன்னதோ, அங்கேதான் அது அதிகம் மிகைப்படுத்தியது. தரவில் இல்லாத எதையோ கூட்டம் அறிந்திருந்தது. அதனால் பந்தயப் பலகை காட்டிய வாய்ப்பையும், அதாவது கூட்டத்தின் கணிப்பையும், தன் கணக்கில் ஓர் உள்ளீடாகச் சேர்த்தார். கணிப்பு தெளிவாக மேம்பட்டது.

எவ்வளவு கட்டுவது என்பதற்கு 1956-இல் ஜான் கெல்லி தந்த சூத்திரம் இருக்கிறது. 1-க்கு 2 தரும் குதிரைக்கு 55% வாய்ப்பு என்றால் கையிருப்பில் 10% கட்டலாம். ஆனால் அந்த 55% நம் மதிப்பீடுதான். அதனால் பாதி கட்டுவதே பாதுகாப்பு.

இன்னொரு தடை உண்டு. அதே 1000 குவியலில், 100 மட்டுமே விழுந்த குதிரை 1-க்கு 8 தரும். அதற்கு 15% வாய்ப்பு என்றால் லாபம்தான். சரி என்று நாம் இன்னொரு 100 போட்டால், குவியல் 1100 ஆகிறது, பிரிக்க 880 மிஞ்சுகிறது, அந்தக் குதிரைமேல் இப்போது 200. கிடைப்பது 4.4 மட்டுமே. நாம் கட்டிய பணமே நாம் கண்டுபிடித்த லாபத்தைத் தின்றுவிடுகிறது.