கரியைக் கரியே பிடிக்கும்

வெள்ளவத்தை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் டீசல் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. பெட்டிக்குள் புள்ளி வைத்தது போன்ற படம். சைலன்சர் குழாயில் ஒரு பாகத்தை வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார் கராஜ்காரர். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றாமல் காரை எடுத்ததுதான் காரணம் என்கிறார் மாமி. யார் சொல்வது சரி?"

இருவர் சொல்வதும் சரியல்ல. ஆனால் மாமியின் வைத்தியத்தில் நசுங்குவது எலுமிச்சம்பழம் மட்டும்தான்.

நிறத்தை முதலில் பாருங்கள். சிவப்பு எரிந்தால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். மஞ்சள் கொஞ்சம் தவணை தரும். எஞ்சின் வடிவ விளக்கு நூற்றுக்கணக்கான கோளாறுகளுக்குப் பொதுவானது. ஸ்கேனர் மாட்டிக் குறியீட்டை வாசிக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். பெட்டியும் புள்ளிகளுமோ ஒன்றைத்தான் சொல்கிறது: டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி நிறைந்துகொண்டிருக்கிறது. கராஜ்காரர் வெட்டச் சொல்லும் பாகம் இதுதான்.

இந்த வடிகட்டி எனக்கு அலுக்காத பொருள். சிலிக்கன் கார்பைடு போன்ற பீங்கானில் செய்த தேன்கூடு, ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். ஒரு குழாயின் பின்வாய் அடைத்திருக்கும், பக்கத்துக் குழாயின் முன்வாய் அடைத்திருக்கும். முகப்பைப் பார்த்தால் சதுரங்கப் பலகையேதான். உள்ளே போன புகைக்கு நேர்வழி கிடையாது. சுவரைத் துளைத்துத்தான் வெளியேற வேண்டும்.

சுவரின் துளைகள் ஏறத்தாழ 10 மைக்ரோன் அகலமானவை. கரித்துகள்களில் பெரும்பாலானவை அதைவிட நூறு மடங்கு சிறியவை. அப்படியானால் எப்படிச் சிக்குகின்றன? வாயு மூலக்கூறுகள் துகளை ஓயாமல் இடிக்கின்றன. புறக்கோட்டை நெரிசலில் அகப்பட்ட சிறுபிள்ளை நேராக நடக்க முடியுமா? துகளும் அப்படியே அலைக்கழிந்து சுவரில் போய் மோதுகிறது. மோதிய இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த துகள் அதன்மேல், அதற்கடுத்தது அதன்மேல். கொஞ்ச நேரத்தில் சுவரில் மெல்லிய கரிப்படலம் படிகிறது. அதன்பின் வடிகட்டுவது பெரும்பாலும் பீங்கான் அல்ல, அந்தக் கரிதான். தேநீர்க்கடையில் பழகிய துணி வடி புதியதைவிட நன்றாக வடிப்பதுபோல, சற்றே அழுக்கான வடிகட்டிதான் புத்தம் புதியதைவிடக் கூடுதலாகப் பிடிக்கிறது!

படலம் தடிக்கும்போது புகை திணறும். முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை உணரி அளந்து கணினிக்குச் சொல்லும். கரியை எரிக்கச் சுமார் 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். காலி வீதி நெரிசலில் ஊர்ந்தால் புகையில் அந்தச் சூடு ஏறாது. ஆகவே எஞ்சின் ஒரு தந்திரம் செய்கிறது: சிலிண்டரில் எரிதல் முடிந்தபின் இன்னும் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சுகிறது. அது புகையோடு போய் பிளாட்டினம் பூசிய வினையூக்கியில் எரிந்து, வடிகட்டியைச் சூளையாக்குகிறது. பத்து இருபது நிமிட வேலை. பம்பலப்பிட்டியில் பிள்ளையை இறக்கிவிட்டு நீங்கள் எஞ்சினை நிறுத்தினால் வேலை பாதியில் நின்றுபோகும்.

நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் எண்ணெயில் இறங்கும். ஒரு முறை என் காரின் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தேன். மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. எண்ணெய் குறையாத நல்ல எஞ்சின் என்று பெருமைப்படவிருந்தேன். முகர்ந்தால் டீசல் மணம்.

வெட்டி எடுக்கும் யோசனைக்கு வருகிறேன். வெட்டினால், வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் 'பி 2002' போன்ற கோளாறுக் குறியீடு வரும். அதை மறைக்கக் கணினியின் நிரலையும் குடைவார்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தப்பிவிடலாம் என்றும் சொல்வார்கள். அந்தப் பரிசோதனைக் கருவி, புகையில் ஒளி எவ்வளவு மறைகிறது என்று பார்ப்பது. மிக நுண்ணிய துகள்கள் அதன் கண்ணில் சரியாகப் படுவதில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012-இல் வகைப்படுத்திவிட்டது. துகள்களை எண்ணும் கருவிகளுக்கும், கொழும்பு நெரிசலில் இவ்வடிகட்டிகள் என்ன பாடுபடுகின்றன என்று ஆராயும் மாணவர்களுக்கும் அரசு பணம் ஒதுக்கலாம். புது வாகனத்துக்கு நாள் பார்க்கச் செலவழிப்பதில் கொஞ்சம் போதும்.

வாசகி செய்ய வேண்டியது இதுதான். எஞ்சின் விளக்கு எரியாமல், இந்த விளக்கு மட்டும் மினுக்காமல் நின்றெரிந்தால், கார்க் கைநூலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொட்டாவையில் அதிவேக நெடுஞ்சாலைக்கு ஏறுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கொட வரை போய்த் திரும்புங்கள். இடையில் நிறுத்த வேண்டாம். அணைந்த விளக்கு சில நாளில் மீண்டும் எரிந்தால் வடிகட்டியைக் குற்றம் சொல்லாதீர்கள். அளவுக்கு மீறிக் கரியை அனுப்புவது யார் என்று தேடுங்கள். புகையை மீளச் சுற்றும் வால்வு இறுகியிருக்கலாம், டர்போவின் காற்றுக் குழாய் கிழிந்திருக்கலாம், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம்.

கார் நன்றாக ஆறியபின் புகைக்குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால் துணி அநேகமாக வெள்ளையாகவே வரும். கன்னங்கரேல் என்று வந்தால் வடிகட்டியில் வெடிப்பு விழுந்திருக்கிறது, அல்லது உங்களுக்கு விற்றவர் அதை முன்பே வெட்டி எடுத்துவிட்டார். எண்ணெய்க் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தால் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.