கூட்டினால் குறைகிறதா? குமிழுக்குள் நடக்கும் கணக்கு

சத்தத்தைக் கூட்டக் குமிழைத் திருகினால் குறைகிறது. கொஞ்சம் பழசான கார் செட்டுகளில் இந்தக் கூத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று உப்புக் காற்றிலேயே கிடக்கும் மட்டக்களப்பில் கேட்கவே வேண்டாம்.

முடிவில்லாமல் சுற்றும் அந்தக் குமிழின் கீழே இருப்பது ரோட்டரி என்கோடர். உள்ளே இரண்டே சுவிச்சுகள்: ஏ, பி. திருகத் திருக இரண்டும் மூடித் திறக்கும், ஆனால் ஒன்று சற்று முந்தி. பரவலாக விற்கும் கேஒய்-040 பலகையில் ஒரு முழுச் சுற்றுக்கு இது 20 தடவை நடக்கும். விரலுக்குத் தெரியும் ஒவ்வொரு ‘டிக்’கும் அதுதான்.

திசை எப்படித் தெரிகிறது? கல்லடிப் பாலத்தில் ஏ, பி என்று இருவர் சில அடி இடைவெளியில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். தன் முன்னால் பஸ் இருக்கும்வரை கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நகருக்குப் போகும் பஸ் வந்தால் முதலில் ஏ மட்டும், பிறகு இருவரும், பிறகு பி மட்டும், கடைசியில் யாருமில்லை. அதாவது 10, 11, 01, 00. கல்லடிக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு 01, 11, 10, 00. எப்போதும் ஒரு நேரத்தில் ஒரு கைதான் மாறும்.

ப்ரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான லூப்பிலேயே இந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்தான். ஆனால் திரையில் எதையாவது எழுதப் போன நேரத்தில் பஸ் கடந்துவிடும். அதனால்தான் இன்டரப்ட். சுவிச் இணைத்த பின்னில் (சிப்பின் கம்பிக்காலில்) மின்னழுத்தம் மாறியதும், ப்ரோகிராமை ஓட்டும் சின்னக் கணினிச் சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தி, நாம் எழுதிவைத்த சின்ன ஃபங்ஷனை ஓட்டிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பும். அப்படியொரு சிப் பூட்டிய ஆர்டுயினோ ஊனோ பலகையில் இதற்கு 2ஆம், 3ஆம் பின்கள் தோது.

‘ஏ இறங்கியதும் பியைப் பார், ஒன்று கூட்டு அல்லது குறை’ என்றுதான் பல உதாரணங்கள் சொல்லித்தருகின்றன. என்னைக் கேட்டால் இது அரைகுறை. உலோகத் தகடு ஒரே அடியாகத் தொடாது, சில மில்லிவிநாடி துள்ளித்தான் நிலைக்கும். லூப் அந்தத் துள்ளல்களில் பலவற்றைத் தவறவிடும். இன்டரப்ட்டோ விழிப்பாக இருப்பதாலேயே அவற்றையும் பிடித்து வந்து எண்ணிவிடும். ஒரு டிக்குக்கு மூன்று நான்கு ஏறுவது இப்படித்தான். சரி, ஃபங்ஷனுக்குள் ஒரு டிலே (சற்றுக் காத்திரு என்ற கட்டளை) போட்டால்? ஊனோவில் டிலேயே டைமர் இன்டரப்ட்டை நம்பி இருக்கிறது, ஒரு இன்டரப்ட் ஓடும்போது மற்றது காத்திருக்க வேண்டும் என்பதால் எல்லாம் தொங்கிப்போகலாம்.

நல்ல வழி, இரண்டு பின்னிலும் ஏற்றம் இறக்கம் இரண்டுக்கும் இன்டரப்ட் வைத்து, பழைய நிலையையும் புதிய நிலையையும் ஓர் அட்டவணையில் பார்ப்பது. மொத்தம் 16 சேர்க்கை. நான்குக்கு +1, நான்குக்கு −1. நான்கில் மாற்றமே இல்லை. மிச்சம் நான்கு, 00இலிருந்து நேரே 11 போல ஒழுங்காக நடக்க முடியாதவை. இந்த எட்டுக்கும் 0. இப்போது பஸ் ஏக்கு முன்னால் முன்னும் பின்னுமாக ஆடட்டும்: 00, 10, 00, 10. கணக்கு +1, −1, +1. மிஞ்சுவது ஒன்றுதான்! துள்ளல் தன்னைத்தானே கழித்துக்கொள்கிறது. டிக்குக்கு நான்கு படி என்பதால் கடைசியில் நான்கால் வகுத்தால் போதும். ஆனால் உப்புக் காற்றில் கிடந்த கார் செட் போலக் கறள் பிடித்து ஒரு சுவிச் மூடவே இல்லையென்றால் அட்டவணை என்ன செய்யும்? கிளீனர் அடிக்க வேண்டும், இல்லையேல் என்கோடரையே மாற்ற வேண்டும்.

மருதமுனைக் கைத்தறியில் பாவு நூல் சுற்றும் உருளைக்கு நீளம் அளக்க என்கோடர் பூட்டுவதென்றால் ஒளியால் இயங்கும் வகையே மேல். அதில் உரசும் தகடு இல்லை. சுற்றுக்கு 600 துடிப்பு என்றால் நான்கு மடங்காக 2400 படி. விநாடிக்கு 5 சுற்றுப் போனால் 12,000 இன்டரப்ட். 16 மெகாஹேர்ட்ஸ் சிப்புக்கு ஒரு இன்டரப்ட்டுக்குச் சுமார் 1,300 கடிகாரத் துடிப்பு கிடைக்கிறது, தாராளம்.

அப்புறம், எண்ணிக்கையை வைத்திருக்கும் மாறிக்கு ‘வொலட்டைல்’ (ஒவ்வொரு தடவையும் நினைவகத்திலிருந்தே புதிதாக வாசி என்ற குறிப்பு) என்று போட மறக்கக் கூடாது. ஊனோவின் சிப் 8 பிட். 16 பிட் எண்ணை இரண்டு துண்டாகத்தான் எடுக்கும். எண் 255 ஆக இருக்கையில் லூப் கீழ்த் துண்டை எடுத்த கணத்தில் இன்டரப்ட் வந்து அதை 256 ஆக்கினால், மேல்துண்டு 1 என்று வந்து, கையில் கிடைப்பது 511. எண்ணை நகலெடுக்கும் அந்த ஒரு வரிக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்திவிட்டு உடனே திறந்துவிட வேண்டும்.